பந்தய கேமில் மலைப்பாதைக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் கோரிமேட்டில் இருபத்திரண்டு வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். போன வாரம் உங்கள் இளைஞர் பக்கத்தில் கார் பந்தய வீடியோ கேம்கள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரு கேமில் எத்தனை வகைப் பந்தயம் அடங்குகிறதோ அந்த அளவுக்கு அது நல்ல கேம் என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

அந்தக் கட்டுரை வந்த அதே வாரம் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம். கூடப் படிக்கிற மூன்று பேரோடு சேர்ந்து கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு பந்தய கேம் செய்துகொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு ஒரு தாளை நீட்டி, "மாமா, இதுல எதெல்லாம் வைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். பதினொன்று எழுதியிருந்தான். ஃபார்முலா 1, ராலி, ராலிகிராஸ், டிராக் (நேர்கோட்டில் சீறுவது), டிரிஃப்ட் (வழுக்கிக்கொண்டே திரும்புவது), ஓவல் (நீள்வட்டத்தில் சுற்றுவது), 24 மணி நேரப் பந்தயம், கார்ட்டிங், மோட்டோகிராஸ், டக்கர் மாதிரி பாலைவனப் பந்தயம், கடைசியில் தெருப் பந்தயம். இரண்டு முறை படித்தேன். ஹில் கிளைம்ப் அதில் இல்லை. ஏற்காடு அடிவாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பையன், பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே போனவன், மலையேறும் பந்தயத்தை விட்டுவிட்டான். கேட்டால், "அது செல்போன்ல வர்ற சின்ன ஜீப் விளையாட்டுங்களே மாமா" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. அப்படி ஒரு பந்தயம் நிஜமாகவே இருக்கிறது என்று இங்கே யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-லிருந்து ஒரு மேட்டுப் பாதையில் கார் ஏற்றுகிறார்கள். மொத்தம் 1000 கெஜம், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் மலையில் 1916-ல் தொடங்கிய பந்தயம் இன்றைக்கும் நடக்கிறது. அது 19.99 கிலோமீட்டர், 156 திருப்பங்கள், முடியும் இடம் கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக விடுவார்கள். முன்னால் முந்த ஆளில்லை, பின்னால் துரத்த ஆளில்லை, கடிகாரமும் ரோடும் மட்டும்தான். ஒரே ஓட்டம். ஒரு வளைவில் தப்பு செய்தால் அடுத்த சுற்றில் சரி செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. 2013-ல் செபாஸ்டியன் லோப் அங்கே 8 நிமிடம் 13 விநாடியில் ஏறினார். 2018-ல் ரொமைன் டூமா ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 விநாடியில் ஏறி அதையும் முறியடித்தார். மின்சாரக் கார் ஜெயித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதுவும் கேமில் வரவேண்டிய காரணம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியில் சுமார் பத்து சதவீதம் போய்விடும், பைக்ஸ் பீக் உச்சிக்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, கீழே இருக்கிற இழுவை மேலேயும் அப்படியே இருக்கும்.

இதை எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் வண்டிகள் மட்டுமே இருந்த காலத்தில், அடிவாரத்தில் நன்றாக இழுத்த வண்டி பாதி மலைக்கு மேல் இருமிக்கொண்டு போகிறது என்று எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. பெட்ரோல் அதே அளவு வருகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை, அவ்வளவுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் ஊர் 300 மீட்டருக்கும் கீழே. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பைக்ஸ் பீக்கில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சுமார் 1,440 மீட்டர் ஏறுகிறார்கள். நாம் சேலத்திலிருந்து காபி குடிக்கப் போகிற தூரத்தில் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். உலகத்தில் கொண்டாடுகிற ஒரு பந்தயத்துக்கு அவ்வளவு நெருக்கமான பாதை வாசலில் இருக்கிறது, எங்கள் பையன்களின் தாளில் அதற்கு ஒரு வரி இல்லை.

சரி, இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். எந்தப் பந்தய வகை ஒரு கேமுக்குள் வரலாம் என்று கேட்டால் நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான். அந்த வகைக்குள் போனதும் ஆடுகிறவனின் கையும் காலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். வண்டியின் உருவமும் பெயிண்டும் மாறி, ஓட்டுகிற விதம் அப்படியே இருந்தால் அது இன்னொரு வகை ஆகாது, இன்னொரு படம்தான். பதினொரு வகை வைத்துவிட்டு எல்லாவற்றிலும் பிரேக் ஒரே மாதிரி பிடித்தால், டயர் ஒரே மாதிரி வழுக்கினால், பதினொன்று என்ற எண்ணிக்கைக்கு என்ன பொருள்? 2006-ல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் தன்னுடைய டோகா ரேஸ் டிரைவர் வரிசையின் மூன்றாவது கேமில் சக்கரம் வெளியே தெரிகிற ஓபன் வீல் கார், ராலி, லாரி, கார்ட் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சேர்த்தது. நான் அதை ஒரு பிரவுசிங் சென்டரில் மாதக்கணக்கில் ஆடியிருக்கிறேன். ஆசைக்கு எல்லாம் ருசி பார்க்கலாம், எதிலும் தங்க முடியவில்லை. ஆனால் அதே நிறுவனம் 1998-ல் செய்த காலின் மெக்ரே ராலி ஒரே ஒரு வகையைத்தான் எடுத்துக்கொண்டது. அதை ஆடியவர்களிடம் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், பக்கத்து சீட்டிலிருந்து கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்ட் வழி சொல்லிக்கொண்டே வருவாரே, அந்தக் குரலைச் சொல்வார்கள்.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ராலியில் கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விடுவார்கள். பாதை முழுவதும் மனப்பாடம் ஆகிற அளவுக்குப் பழக விடமாட்டார்கள், முன்கூட்டியே மெதுவாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு. அதற்குப் பெயர் பேஸ் நோட்ஸ். கோ-டிரைவர் அதைப் படித்துக்கொண்டே வருவார், ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கும் அந்தக் குரலை நம்பி வண்டியைத் திருப்புவார். மற்ற பந்தயங்களில் பெரும்பாலும் இப்படி இன்னொருவரின் வாயை நம்பி ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டியதில்லை. என் அளவுகோலின்படி ராலிக்கு முதல் வரிசையில் இடம், ஹில் கிளைம்புக்குப் பக்கத்திலேயே. 2004-ல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலியை இருபது வருடத்துக்குப் பிறகும் ஆட்கள் தாங்களே புதிய பாதைகள் செய்து சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ஒரு வகையை ஆழமாகச் செய்ததால்தான்.

அந்தக் குறிப்புகள் தமிழில் வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. "வலது கொண்டை, போகப் போக இறுக்கும், உள்பக்கம் கல், வெட்டாதே." "இடது லேசு, நூறு மீட்டர், அப்புறம் மேடு." இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது. தமிழ் பேச்சில் வேகம் இல்லை, ஆங்கிலத்தில்தான் சட்டென்று சொல்லலாம் என்று மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் வாதாடினான். மலைப்பாதையில் கிளீனர் பையன் படியில் தொங்கிக்கொண்டு "ரைட்ல வா, வா, வா, ஒடி, போலாம்" என்று சொல்வதைக் கேட்டவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராலியில் இன்னொன்றும் இருக்கிறது. 1911-லிருந்து நடக்கிற மோன்டே கார்லோ ராலியில் டயரைத் தேர்ந்தெடுப்பதே பாதிப் பந்தயம். மலையின் அடியில் காய்ந்த தார் ரோடு, மேலே கணவாயில் ஐஸ். காய்ந்த ரோட்டு டயர் போட்டால் மேலே சறுக்கும், ஐஸ் டயர் போட்டால் கீழே தேய்ந்து போகும். எதைப் போட்டாலும் பாதையில் ஒரு பகுதியில் தப்பான டயரில்தான் ஓட்ட வேண்டும், எந்தப் பகுதியில் தப்பாக இருந்தால் குறைவான நஷ்டம் என்று கணக்குப் போடுகிறார்கள். நமக்கு ஐஸ் இல்லை. ஆனால் நவம்பர் மாதத்தில் காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பத்து பன்னிரண்டு வளைவு ஏறினால் பனிமூட்டத்தில் முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும், காபித் தோட்டத்து நிழலில் ரோட்டோரம் பாசி ஈரமாகவே கிடக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். ஒரே பாதையில் மூன்று வகை ரோடு இருக்கிறது. கேம் செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததே அதனால்தான். ஹில் கிளைம்ப் என்றால் நிஜத்தில் மேலே மட்டும்தான் ஏறுவார்கள், கீழே நிதானமாக வரிசையாக வந்துவிடுவார்கள். ஆனால் 1999 கடைசியில் வந்த கிரான் டூரிஸ்மோ 2-ல் பைக்ஸ் பீக் பாதை இரண்டு விதமாக இருந்தது, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. அந்த இறக்கத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஏறும்போது தப்பு செய்தால் வண்டி நின்றுவிடும், இறங்கும்போது தப்பு செய்தால் வண்டி நிற்காது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன், அப்பா சேலம் குகைப் பகுதியில் தறி ஓட்டுகிறவர். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டுவிட்டு மேலிருந்து இறங்கியிருக்கிறான். பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்ததில் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது, பின் பிரேக் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கடைசியில் லீவரை அழுத்தினால் கைதான் உள்ளே போயிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று, அது தடுப்புச் சுவரின் புண்ணியம். அந்தப் பையன் செல்போனில் எத்தனையோ ரேஸ் ஆடியவன். எதிலுமே பிரேக் சூடாகவில்லை.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுகிற ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிந்த பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும், அது ஆறிக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு, அதனால்தான் இறக்கத்தில் ஸ்கூட்டர்காரர்களை நடுவில் நிறுத்தி ஆறவிட்டு வரச் சொல்கிறேன். இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு கேமில் ஏழாவது வளைவு தாண்டும்போது பிரேக் மெத்தென்று ஆகி, எட்டாவதில் பாதிதான் பிடித்து, ஒன்பதாவதில் சுத்தமாகக் கைவிட்டால், அந்தப் பையன் மறுமுறை ஆடும்போது தானாகவே இரண்டாவது கியருக்கு வந்திருப்பான். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசையே சொல்லிக்கொடுத்துவிடும்.

அடுத்தது டிஎஸ்டி ராலி. இது அவன் தாளில் இல்லை, பெரிய கம்பெனி கேம்களிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் நம் நாட்டில் சாதாரண ஆட்கள் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்க் கலந்துகொள்கிற பந்தயம் என்றால் பெரும்பாலும் இதுதான். நேரம், வேகம், தூரம், மூன்றும் சேர்ந்த கணக்கு. வேகமாகப் போகிறவர் ஜெயிப்பதில்லை. இந்தத் துண்டை மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரியில் போ, அடுத்த துண்டை 24-ல் போ என்று வழிப்புத்தகம் கொடுத்துவிடுவார்கள். நடுவில் எங்கே நின்று நேரம் குறிக்கிறார்கள் என்று தெரியாது. தாமதமாக வந்தாலும் அபராதம், சீக்கிரமாக வந்தாலும் அபராதம். ரோட்டை அடைக்க மாட்டார்கள், எதிரே வண்டி வரும். இப்போது யோசித்துப் பாருங்கள். மேலிருந்து இறங்குகிறீர்கள், ஏழரை கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். வளைவில் அரசு பஸ் ஏறி வருகிறது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, அதுவும் பஸ் திரும்ப வளைவு முழுவதும் வேண்டும். நீங்கள் ஒதுங்கி நிற்கிறீர்கள், நாற்பது விநாடி போய்விட்டது. அந்த நாற்பது விநாடியை மீதிப் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், ஒரேயடியாக முறுக்கினால் அடுத்த கண்காணிப்பு இடத்தில் சீக்கிரம் வந்ததாக மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "மெதுவாப் போறதை யாருங்க மாமா ஆடுவாங்க?" என்றான். அடுத்த நாளே நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள், ராத்திரி ஒரு மணி வரை போட்டி போட்டார்களாம்.

ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுகிற சர்க்யூட் பந்தயத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-க்குள் போனபோது கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அங்கே நிற்கிறார் என்று ராத்திரி விழித்திருந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருடம் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் டயர் தாங்காது என்று மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஒதுங்கிவிட, ஆறு கார்கள் மட்டும் ஓடி அவர் நான்காவதாக வந்தார். ஆனால் ஃபார்முலா 1-க்கென்றே தனியாகப் பெரிய கேம்கள் இருக்கின்றன, கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கிறார்கள், நான்கு மாணவர்கள் அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அதற்குப் பதில் சின்ன சர்க்யூட் ஒன்றை உருப்படியாகச் செய்யலாம். சென்னை பக்கத்தில் 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவர்தனின் பெயரில் 2003-ல் திறந்த தளம் இருக்கிறது. இரண்டும் நம் ஆட்கள் வளர்ந்த இடம். அதற்கு முன்னால் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி இளவயதில் சேலத்திலிருந்து லாரி பிடித்துப் போய் அதைப் பார்த்தவர், சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அங்கே போய்ப் பந்தயம் பார்க்க முடியாது. கேமில் மட்டும்தான் அதை மறுபடி ஓட்ட முடியும்.

24 மணி நேரப் பந்தயமும் பிறகு வரட்டும். 2025 ஜனவரியில் துபாயில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, என் கடைக்கு வருகிற பையன்கள் டிரைவர் மாற்றம், பிட் ஸ்டாப் என்றெல்லாம் பேசுகிறார்கள். ஆனால் அதைக் கேமில் வைத்தால் நான்கு பேர் முறை வைத்து ஓட்டுகிற மாதிரி வைக்க வேண்டும், அடுத்தவனுக்கு வண்டியைப் பத்திரமாக ஒப்படைக்கிற பொறுப்புதான் அந்தப் பந்தயமே. பத்து நிமிடத்தில் பொழுது விடிந்து இருட்டுகிற மாதிரி வைப்பதற்கு அது தேவையில்லை.

டிராக், ஓவல், டிரிஃப்ட் மூன்றையும் நான் அடித்துவிட்டேன். டிராக் பந்தயத்தில் கிளட்ச் விடுவதும் கியர் மாற்றுவதும் பெரிய வித்தைதான், ஆனால் 402 மீட்டரில் முடிந்துவிடுகிற வித்தை, அதைத் திரையில் பட்டனாக மாற்றினால் ஒன்றும் மிஞ்சாது. ஓவல் நமக்குப் பழக்கமில்லாதது. டிரிஃப்டுக்கு நடுவர்கள் மார்க் போடுகிறார்கள், அழகாக இருக்கிறது, ஆனால் மலைப்பாதையில் போய்ச் செய்து பார்க்கத் தூண்டும். அதை மூடிய மைதானத்தில் வைப்பதாக இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

தெருப் பந்தயத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். இதில் எனக்கும் அவனுக்கும் சத்தமாகவே பேச்சு நடந்தது. எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து முந்தினால் கூடுதல் மதிப்பெண், போலீஸ் துரத்தினால் இன்னும் கூடுதல் என்றுதான் இந்த மாதிரி விளையாட்டுகள் இருக்கின்றன. நானும் ஒரு காலத்தில் ஆடியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கடை வாசலில் நின்று பாருங்கள். சேலம், ஈரோடு, நாமக்கல், பெங்களூரு என்று எல்லா ஊரிலிருந்தும் ஹெல்மெட்டில் கேமரா கட்டிக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள், அதில் பாதிப் பேர் நிதானமானவர்கள், மீதிப் பேர் வளைவில் எதிர்ப்பக்கம் போய்த்தான் திரும்புகிறார்கள். எதிரே குடும்பத்தோடு ஒரு ஆட்டோ இறங்கி வரும். ஒருவர் எழுதிய நேரத்தை இன்னொருவர் முறியடிக்க வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு இருக்கிறது, அந்த வெறிக்குப் போக இடமில்லாமல்தான் பொது ரோட்டில் இறங்குகிறது. அதே இருபது வளைவு கேமில், அடைத்த ரோட்டில், விநாடி கணக்கோடு கிடைத்தால் எல்லோரும் கேட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேரில் இரண்டு பேர் வீட்டிலேயே உட்கார்ந்தால் எனக்குப் போதும்.

நிஜப் பந்தயமே இந்த விஷயத்தில் பின்வாங்கியிருக்கிறது என்பதையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்ஸ் பீக்கில் 2019 வரை மோட்டார் சைக்கிள்களும் ஏறின. அந்த வருடம் கார்லின் டன் என்ற வீரர் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் விழுந்து இறந்துபோனார், அதன் பிறகு அங்கே மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-லிருந்து பைக் பந்தயம் நடக்கிறது, ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல், வீடுகளுக்கும் கல் சுவர்களுக்கும் நடுவே, அந்தப் பாதையில் இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்குக் கேம்தான் சரியான இடம். அதனால்தான் பைக்கும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன், நம் ஊரில் காரை விடப் பைக்தான் எல்லோர் கையிலும் இருக்கிறது. டக்கர் பாலைவனத்தையும் நான் அடிக்கவில்லை. 2015-ல் சி.எஸ். சந்தோஷ் அதை முடித்த முதல் இந்தியர், 2024-ல் ஹரித் நோவா தன் பிரிவிலேயே முதலாவதாக வந்தார், பக்கத்து ஓசூர் கம்பெனியான டிவிஎஸ் கூட்டுச் சேர்ந்த அணியும் அங்கே போயிருக்கிறது. சுருட்டிய வழிக்குறிப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே மணலில் தனியாக வழி கண்டுபிடிப்பது கைக்கும் மூளைக்கும் புதிய வேலை. ஆனால் அது இரண்டாவது வருட வேலை.

"பத்து வகை இருக்குன்னு போட்டாத்தானே மாமா டவுன்லோட் பண்ணுவாங்க" என்பது மாப்பிள்ளையின் கடைசி வாதம். அவனுக்கு நான் காட்டியது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவை. 2017-ல் வெளிவந்த விளையாட்டு. அதில் பந்தயமே கிடையாது, பஸ் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் பையன்கள் அதில் நம்மூர் அரசு பஸ், தனியார் பஸ் பெயிண்ட் எல்லாம் வரைந்து ஏற்றி, ஹார்ன் சத்தம்கூட மாற்றி ஓட்டுகிறார்கள். என் கடையில் வேலை செய்கிற பையன் சாப்பாட்டு நேரத்தில் சேலம் பஸ்ஸை இந்தோனேசியா ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது பத்து வகைப் பந்தயம் இல்லை, அந்த பஸ்ஸுக்குப் பொருத்தமான ரோடு. ஏற்காட்டை உருப்படியாகச் செய்துவிட்டால் கொல்லிமலையின் எழுபது வளைவு இருக்கிறது, வால்பாறையின் நாற்பது இருக்கிறது. வேலைக்குப் பஞ்சமில்லை.

இப்போதைக்குத் தாளில் நான்கு மிஞ்சியிருக்கின்றன: ஹில் கிளைம்ப், ராலி, டிஎஸ்டி, ஒரு சின்ன சர்க்யூட். நான்கு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஓரளவுக்கு. வாரநாளில் அதிகாலை, போக்குவரத்து இல்லாத நேரத்தில், மாப்பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் நான் குறிப்பு சொல்கிறேன், அவன் செல்போனில் பதிவு செய்கிறான். ஏறுவதற்குப் பத்தொன்பது வளைவு முடிந்துவிட்டது. பாதி மலைக்கு மேலே ஒரே ஒரு வளைவுக்கு மட்டும் வார்த்தை அமையவில்லை. உள்ளே போகும்போது அகலமாக விரிகிற மாதிரி தெரிந்து, நம்பி வேகம் எடுத்ததும் சட்டென்று மடிந்துகொள்ளும். "இறுக்கும்" என்றால் போதவில்லை, ஏனென்றால் முதலில் விரிகிறது. அந்த ரூட்டில் வருடக்கணக்காக ஓட்டுகிற டிரைவர்கள் தங்களுக்குள் அதற்கு ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் உங்கள் பத்திரிகைக்கே எழுதட்டும், அந்த வார்த்தையை அப்படியே பதிவு செய்து போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
கோரிமேடு, சேலம்.